மற்றவை, தயவுசெய்து குறிப்பிடவும்

ஹாப்சலுவில் டிசம்பர் என்றால் மூன்றரைக்கே இருட்டு.
திரையில் ஒரு வெள்ளைப் பக்கம்.
"தலைப்பில்லாத கருத்துக்கணிப்பு" என்று
மென்பொருளே பெயர் வைத்திருந்தது.
ஹெல்டுர் சொன்னது இவ்வளவுதான்:
ஹல்லிலாய்டு தீவுக்குக் குளிர்காலத்தில்
ஒரு நடை படகு போதுமா, இரண்டு வேண்டுமா,
வெள்ளிக்குள் கேட்டுச் சொல்.

இடப்பக்கப் பெட்டியிலிருந்து
கேள்விகளை இழுத்து இழுத்துப் போட்டேன்.
ஒற்றைத் தெரிவு. பல தெரிவு. ஐந்து நட்சத்திரம்.
பூஜ்யத்திலிருந்து பத்துவரை நகரும் குமிழ்.
நீலம் குளிர்கிறதென்று மஞ்சளாக்கினேன்.
மஞ்சள் விற்பனைக்கு வந்தவன்போல் சிரித்தது.
சாம்பலில் விட்டுவிட்டேன்,
ஜன்னலுக்கு வெளியே கடலும் அதே நிறம்.

நான்காம் கேள்விக்கு "இல்லை" என்பவர்
ஒன்பதுக்குத் தாவட்டும் என்று விதி எழுதினேன்.
நடுவில் நான்கு கேள்விகள் இருந்ததே
அவருக்குத் தெரியாது.
என் அண்ணன் இல்லிமாரும் நானும்
அப்படித்தான், வீட்டை விற்கலாமா என்ற கேள்வியில்
ஆளுக்கொரு பதில் சொல்லிப்
பதினோரு வருடமாக வேறு வேறு பக்கங்களில்.
அவன் இருப்பது அந்தத் தீவில்.

முகப்பில் தடித்த எழுத்தில்:
உங்கள் அடையாளம் எங்கும் பதியப்படாது.
எழுதிய பிறகுதான் உறைத்தது.
தீவில் மொத்தமே நாற்பத்துமூன்று பேர்.
பெண், எழுபதுக்கு மேல், ஆடு வளர்ப்பவர் என்றால்
லேய்டாவைத் தவிர வேறு யார்?
வயதை நீக்கினேன்.
ஆணா பெண்ணா, நீக்கினேன்.
தொழில் போயிற்று.
வீட்டில் எத்தனை பேர் என்பதும் போயிற்று.
ஒற்றை ஆள் வீடுகள் எவை என்று
ரொட்டி கொண்டுபோகும் பையன்கூடச் சொல்லுவான்.
மிஞ்சியது
ஒன்று, இரண்டு, மற்றவை.
கீழே ஒரு காலிப் பெட்டி: ஏன்?
கட்டாயம் என்கிற சிவப்பு நட்சத்திரத்தை
அந்த "ஏன்" பக்கத்தில் வைத்தேன்,
எடுத்தேன், வைத்தேன்,
எடுத்தேன்.

சரியாக ஓடுகிறதா பார்க்க
நானே ஒருமுறை நிரப்பினேன்.
இரண்டு படகு.
ஏன்?
ஒரே படகென்றால் இரவு அங்கேயே தங்கவேண்டும்.
தங்கச் சொல்வார்களா தெரியாது.
அனுப்பு.
நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், என்றது
நான் தட்டச்சு செய்து வைத்த வாக்கியம்.

புதன்கிழமை முதல் பதில்கள்.
"என் பல்."
"ஒன்று போதும், இரண்டு விட்டால் விருந்தாளிகள் வருவார்கள்."
"முன்பு கடல் உறைந்து சாலையாகும்,
பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கார் ஓட்டுவோம்.
மூன்று வருடமாக உறையவில்லை.
இந்தப் படிவத்தைக் கடலுக்கும் அனுப்புங்கள்."
பிறகு ஒன்று, மற்றவையைத் தெரிவுசெய்து:
"படகு எதற்கு.. தொலைபேசி இருக்கிறதே.."

இரண்டிரண்டு புள்ளிகள்.
பள்ளிக்கூட நோட்டிலும் அவன் அப்படித்தான் வைப்பான்,
ஒரு புள்ளியை நம்பாதவன்.
அடையாளம் பதியப்படாது என்று
உறுதி கொடுத்தவள் நான்.
பார்க்காதவள்போல் அடுத்த பதிலுக்குப் போனேன்.

வெள்ளி காலை ஹெல்டுர்
விரல்விட்டு எண்ணாத குறைதான்.
ஆள் நாற்பத்துமூன்று, பதில் நாற்பத்துநான்கு,
யார் அந்த ஒருவர்?
சோதனை, என்றேன்.
அதைத் தூக்கிவிடு.
சரி.

நிரந்தரமாக நீக்கவா என்று மென்பொருள் கேட்டது.
அதற்கு முன் அந்த இரண்டு வரியை
நகலெடுத்து வைத்துக்கொண்டேன்.
எங்கே ஒட்டுவதென்று தெரியாமல்
கைபேசியில் புதிய செய்தியைத் திறந்தேன்.
பெறுநர் என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு
அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.